ஒரு சாதாரண ஆங்கிலேயப் பெண்ணின் பூர்வீகத்தைத் தேடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

1888 ஆகஸ்ட் 31, விடியற்காலை. கிழக்கு லண்டனின் ஒயிட்சாப்பல் பகுதியில், பக்ஸ் ரோ என்ற தெருவில் ஒரு பெண்ணின் சடலம் கிடந்தது. யார் என்று யாருக்கும் தெரியவில்லை. உள்பாவாடையில் லாம்பெத் வொர்க்ஹவுஸின் முத்திரை மட்டும் இருந்தது. வொர்க்ஹவுஸ் என்பது வக்கற்றவர்களை வேலை வாங்கிக்கொண்டு சோறு போட்ட அரசு விடுதி. அந்த முத்திரையைப் பிடித்துக்கொண்டு போனபோதுதான் பெயர் கிடைத்தது: மேரி ஆன் நிக்கல்ஸ், கூப்பிடும் பெயர் பாலி. மரண விசாரணையில் அப்பா வந்து சாட்சி சொன்னார். அவர் பெயர் எட்வர்ட் வாக்கர். பிரிந்து போயிருந்த கணவர் வில்லியம் நிக்கல்ஸும் வந்தார்.

கொன்றவனுக்கு உலகம் ஜாக் தி ரிப்பர் என்று பெயர் வைத்து இன்றுவரை புத்தகம் போட்டுக்கொண்டிருக்கிறது. அவன் நமக்கு வேண்டாம், பாலிதான் வேண்டும். பூட்டுக் கொல்லரின் மகள், அச்சகத் தொழிலாளியின் மனைவி. அவரைப் போலப் பல்லாயிரம் பேர் அன்றைய லண்டனில் இருந்தார்கள். கொலை நடந்ததால் பத்திரிகைகள் அவரைப் பற்றி எழுதின என்பது உண்மை. ஆனால் அவருடைய திருமணப் பதிவும், சென்ஸஸ் வரிகளும், வொர்க்ஹவுஸ் பேரேடும் கொலைக்காக உண்டானவை அல்ல. அதே மாதிரி காகிதங்கள் உங்கள் மருமகளின் கொள்ளுப்பாட்டிக்கும் இருக்கும், உங்கள் ஆங்கிலோ இந்தியப் பாட்டியின் பாட்டிக்கும் இருக்கும்.

சிக்கல் ஒன்றுதான். இங்கிலாந்தில் ஆணுக்குப் பிறப்பிலிருந்து இறப்புவரை ஒரே குடும்பப் பெயர். பெண்ணுக்குக் கல்யாணத்தன்று அது மாறிவிடும், மறுமணம் செய்தால் மறுபடியும் மாறும். வேலை, சொத்து, கையெழுத்து என்று ஆண் விட்டுச்செல்லும் தடயங்கள் பெண்ணுக்கு அவ்வளவு கிடையாது. அதனால் நேராக அவரையே தேடிக்கொண்டிருந்தால் பாதி வழியில் முட்டுச்சந்து வந்துவிடும். தம்பியின் வீட்டுச் சென்ஸஸ், அப்பாவின் உயில், மகளின் பிறப்புச் சான்றிதழ் என்று அடுத்தவர்களின் காகிதங்களில்தான் அவர் கிடைப்பார். கீழே வரும் படிகள் எல்லாமே இதை வைத்துத்தான்.

இங்கே சொல்வது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும். ஸ்காட்லாந்துக்கும் அயர்லாந்துக்கும் பதிவு முறை வேறு, கலந்து குழப்பிக்கொள்ள வேண்டாம்.

படி 1: இறப்பிலிருந்து பின்னோக்கி வாருங்கள்

பிறப்பிலிருந்து தொடங்கத்தான் எல்லோருக்கும் ஆசை. ஆனால் கையில் இருப்பது பெரும்பாலும் கணவர் வீட்டுப் பெயர். அந்தப் பெயரில் அவர் பிறக்கவே இல்லை. ஆகவே முதலில் இறப்புச் சான்றிதழ்.

1969 ஏப்ரல் 1க்குப் பிறகு இறந்தவர் என்றால் அதிர்ஷ்டம். அந்தத் தேதியிலிருந்து பிறந்த தேதி, பிறந்த ஊர், மணமான பெண்ணாக இருந்தால் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர் எல்லாம் இறப்புச் சான்றிதழிலேயே வந்துவிடுகின்றன. அதற்கு முன்பு என்றால் வயது, இறந்த காரணம், ‘இன்ன தச்சரின் மனைவி’ அல்லது ‘விதவை’ என்ற ஒரு வரி, அவ்வளவுதான். அப்போதும் கடைசியில் இருக்கும் தகவல் கொடுத்தவர் கட்டத்தை விட்டுவிடாதீர்கள். அங்கே கையெழுத்துப் போட்டிருப்பவர் பெரும்பாலும் மகள் அல்லது மருமகள். அந்த மகளின் மணப்பெயரும் முகவரியும் அடுத்த தலைமுறையைத் திறந்துவிடும்.

கூடவே வீட்டில் இருப்பதையும் கிளறுங்கள். குடும்ப பைபிளின் முதல் பக்கம், புகைப்படத்தின் பின்புறம், துக்க அட்டை. பெரியவர்கள் சொல்லும் கதைகளையும் எழுதி வையுங்கள். ‘நாங்கள் ஒரு பிரபு வீட்டு வாரிசு’ என்ற கதை பத்துக் குடும்பத்தில் ஒன்பதில் இருக்கும். தேடிப்போனால் அந்தப் பிரபு வீட்டில் பாத்திரம் கழுவியவராக இருப்பார். அதுவும் நல்ல தடயம்தான், எந்த ஊரில் வேலை பார்த்தார் என்று தெரிந்துவிடுகிறதே.

படி 2: சிவில் பதிவு இண்டெக்ஸ்

1837 ஜூலை 1 முதல் பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் அரசு பதிவு செய்கிறது. ஜெனரல் ரிஜிஸ்டர் ஆபீஸ் இவற்றை மூன்று மாதக் காலாண்டுகளாகப் பிரித்து இண்டெக்ஸ் போட்டிருக்கிறது. தன்னார்வலர்கள் அதைத் தட்டச்சு செய்த ஃப்ரீபிஎம்டி தளத்தில் இலவசமாகத் தேடலாம். மார்ச் காலாண்டு என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை பதிவானது, பிறந்தது அல்ல. பதிவு செய்ய 42 நாள் அவகாசம் இருந்ததால் டிசம்பரில் பிறந்த குழந்தை அடுத்த ஆண்டின் இண்டெக்ஸில் உட்கார்ந்திருக்கும். நாள் தாண்டிவிட்டால் அபராதத்துக்குப் பயந்து பிறந்த தேதியையே தள்ளிச் சொன்ன பெற்றோரும் உண்டு. 1875க்கு முன்பு பதிவே செய்யாமல் விட்டவர்களும் இருக்கிறார்கள்.

பழைய இண்டெக்ஸில் குழந்தையின் பெயருக்குப் பக்கத்தில் தாயின் பிறந்த வீட்டுப் பெயர் 1911 செப்டம்பர் காலாண்டிலிருந்துதான் வரும். ஆனால் ஜெனரல் ரிஜிஸ்டர் ஆபீஸ் பின்னாளில் தயாரித்து இணையத்தில் வைத்திருக்கும் புது இண்டெக்ஸில் அந்தப் பெயர் 1837 வரைக்கும் போகிறது. பெண்வழி தேடுகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய வரம் கிடையாது. பயன்படுத்தும் விதம் இது: சென்ஸஸில் ஒரு தம்பதிக்கு ஐந்து பிள்ளைகள் தெரிகிறார்கள், மனைவியின் முதல் பெயர் மட்டும் தெரியும். கொஞ்சம் அபூர்வமான பெயர் உள்ள பிள்ளை ஒன்றை எடுத்து, வயதைக் கணக்குப் போட்டு, அந்தப் பதிவு மாவட்டத்தில் தேடுங்கள். தாயின் பழைய குடும்பப் பெயர் வந்து விழும். மற்ற நான்கு பிள்ளைகளுக்கும் அதே பெயர் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அந்த இரண்டு பெயர்களையும் சேர்த்துப் போட்டு முன்னும் பின்னும் தேடுங்கள். இரண்டு சென்ஸஸுக்கு நடுவே பிறந்து செத்துப்போன, வேறெங்குமே தலைகாட்டாத குழந்தைகளும் வரிசையாக வருவார்கள்.

தலைச்சன் பிள்ளை பிறந்த ஆண்டு தெரிந்துவிட்டால் கல்யாணத்தை அதற்குச் சற்று முன்னால் தேட வேண்டும். பத்து மாதம் இடைவெளி இருந்தே ஆக வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். மணமேடை ஏறும்போதே கர்ப்பமாக இருந்த மணப்பெண்கள் அந்தக் காலத்தில் கணிசமாக இருந்தார்கள்.

அப்புறம், பிறப்புச் சான்றிதழை வாங்கியதும் தாயின் பெயர்க் கட்டத்தை எழுத்து எழுத்தாகப் படியுங்கள். ஒரே ஒரு பழைய பெயர் இருந்தால் அது அப்பா வீட்டுப் பெயர். இரண்டு பழைய பெயர்கள் இருந்தால் முதலில் வருவது இறந்துபோன முன்னாள் கணவரின் பெயர், அடுத்ததுதான் அப்பா வீட்டுப் பெயர். இதைக் கவனிக்காமல் முதல் கணவரின் குடும்பத்தையே தாய்வழி என்று மூன்று தலைமுறைக்கு ஏற்றி வைத்திருக்கும் மரங்கள் இணையத்தில் எக்கச்சக்கம்.

படி 3: திருமணச் சான்றிதழ்

பாலியின் கல்யாணம் 1864 ஜனவரி 16, ஃப்ளீட் தெருவில் உள்ள செயின்ட் பிரைட்ஸ் தேவாலயத்தில். 1837க்குப் பிறகு வந்த எல்லாத் திருமணப் பதிவுகளையும் போல அதற்கும் ஒரே அச்சுப் படிவம்: தேதி, இருவர் பெயர், வயது, முன்பு மணமானவரா, தொழில், முகவரி, இருவருடைய அப்பா பெயர், அப்பாவின் தொழில். கீழே கையெழுத்துகள், சாட்சிகள்.

அம்மா பெயருக்குக் கட்டமே கிடையாது. பாலியின் அம்மா கரோலினுக்கு அந்தத் தாளில் இடமில்லை. இங்கிலாந்து, வேல்ஸ் திருமணப் பதிவில் தாயின் பெயரைச் சேர்த்தது 2021 மே 4 முதல்தான். 184 வருஷம் ஆகியிருக்கிறது!

வயதுக் கட்டத்தில் எண்ணுக்குப் பதில் ‘முழு வயது’ என்று இருந்தால் 21 அல்லது அதற்கு மேல் என்று பொருள். 21 ஆகவும் இருக்கலாம், 50 ஆகவும் இருக்கலாம். அப்பா இறந்துவிட்டிருந்தாலும் அதைக் குறிப்பிடாமல் விட்டிருப்பார்கள். அப்பா யாரென்று தெரியாத பெண்கள் அவமானத்துக்கு அஞ்சி ஒரு பெயரை இட்டுக்கட்டிச் சொன்னதும் உண்டு. தாத்தாவையோ வளர்ப்புத் தந்தையையோ அப்பா என்று எழுதியிருப்பார்கள். சாட்சிகளின் பெயரை மட்டும் தவறாமல் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே மணப்பெண்ணின் அக்கா, அவர் கணவர் என்று யாராவது நின்றிருப்பார்கள்.

படி 4: சென்ஸஸ்

1801 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை எடுத்தார்கள். பெயர்வாரியாக நமக்குப் பயன்படுவது 1841 முதல் 1921 வரை. 1931 கணக்கெடுப்பு 1942 டிசம்பரில் தீயில் எரிந்துவிட்டது. 1941இல் போர் நடந்ததால் எடுக்கவே இல்லை. அந்த இடைவெளியை நிரப்புவது 1939 செப்டம்பர் 29இல் எடுத்த தேசியப் பதிவேடு. அதன் பிறகான சென்ஸஸ்கள் நூறு வருஷம் பூட்டி வைக்கும் விதியால் இன்னும் திறக்கவில்லை.

1841இல் உறவு முறை எழுதவில்லை. 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதினார்கள். 29 வயதுப் பெண் 25 ஆகத் தெரிவார். 1851 முதல் உறவும் பிறந்த ஊரும் வருகின்றன. ஒரே சென்ஸஸில் இருக்கும் ஊரை நம்ப வேண்டாம், எல்லாவற்றிலும் எடுத்து ஒப்பிடுங்கள். வெகுதூரத்தில் குடியிருக்கும்போது பக்கத்துப் பெரிய நகரத்தைச் சொல்வார்கள், சொந்த மாவட்டத்திலேயே இருக்கும்போது குக்கிராமத்தின் பெயரைச் சொல்வார்கள். இரண்டாவதுதான் உங்களுக்கு வேண்டும்.

வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்பதுதான் பொக்கிஷம். குடும்பத் தலைவரின் ‘மாமியார்’, ‘மைத்துனர்’ என்று ஒருவர் வேறு குடும்பப் பெயரில் இருந்தால் மனைவியின் பிறந்த வீடு அங்கேயே வந்துவிட்டது. ஒரு எச்சரிக்கை: 19ஆம் நூற்றாண்டில் மாமியார் என்று குறிக்கும் அதே சொல்லை மாற்றாந்தாய்க்கும், மருமகன் என்பதை மனைவிக்கு முதல் கணவர் மூலம் பிறந்த பிள்ளைக்கும் போட்டார்கள். எட்டு வயது மருமகனைப் பார்த்தால் மிரளாதீர்கள்.

1911 கணக்கெடுப்பு பெண்களுக்கென்றே வாய்த்தது. மணமான பெண் எத்தனை ஆண்டாகக் குடும்பம் நடத்துகிறார், எத்தனை பிள்ளை பெற்றார், எத்தனை உயிரோடு, எத்தனை இறந்தது என்று கேட்டார்கள். விதவைகள் பதில் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் பலர் எழுதிவிட்டார்கள். அதிகாரி அடித்திருப்பார், அடித்தலுக்குக் கீழே எண் தெரியும். ‘பிறந்தது 9, இருப்பது 4’ என்று கணவர் கைப்பட எழுதியிருப்பதைப் பார்த்தால் அந்த ஐந்து பேரையும் படி 2இன் இண்டெக்ஸில் தேடிப் பெயர் கண்டுபிடிக்காமல் இருக்க மனம் வராது. உங்கள் பெண் அந்த ஆண்டில் மட்டும் காணோம் என்றால் இன்னொரு காரணமும் இருக்கலாம். ஓட்டுரிமை கேட்ட பெண்கள் அந்தக் கணக்கெடுப்பைப் புறக்கணித்தார்கள். எமிலி வைல்டிங் டேவிசன் அன்றிரவு நாடாளுமன்றக் கட்டடத்திலேயே ஒரு சிறு அறையில் ஒளிந்திருந்தார்.

1921இல் வேலை கொடுத்தவர் பெயரும் இருக்கும். ஆலைப் பெண்களுக்கு அது உதவும். 1939 பதிவேட்டில் பிறந்த தேதி முழுசாக இருக்கும். அதைப் பிற்பாடு தேசிய மருத்துவச் சேவை தன் வேலைக்குப் பயன்படுத்தியதால், பின்னாளில் மணமான பெண்களின் பழைய பெயரை அடித்துப் புதுப் பெயரை மேலே எழுதியிருப்பார்கள். ஒரே வரியில் இரண்டு பெயர். ஆனால் பெரும்பாலான பெண்களின் தொழில் ‘சம்பளமில்லா வீட்டு வேலை’ என்றுதான் இருக்கும்.

பழைய சென்ஸஸ்களில் அந்தக் கட்டம் பல சமயம் காலியாகவே கிடக்கும். சும்மா இருந்தார் என்று நினைத்துவிடாதீர்கள். பெட்ஃபோர்ட்ஷயர் என்றால் தொப்பிக்கு வைக்கோல் பின்னியிருப்பார், லங்காஷயர் என்றால் பஞ்சாலை, கிரேட்லி ஹீத் என்றால் வீட்டுக் கொல்லைப் பட்டறையில் சங்கிலி அடித்திருப்பார். அந்தச் சங்கிலிப் பெண்கள் 1910இல் மேரி மக்கார்தர் தலைமையில் வேலைநிறுத்தம் செய்து கூலி உயர்வும் வாங்கினார்கள்.

பெயரையும் விரித்துத் தேடுங்கள். பாலியும் மாலியும் மேரி, நான்சி ஆன், சாலி சாரா, பெக்கி மார்கரெட், ஃபேனி ஃபிரான்சிஸ், பெட்டியும் பெஸ்ஸியும் எலிசபெத்.

படி 5: 1837க்கு முன், தேவாலயப் பதிவேடுகள்

எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் 1538இல் ஒவ்வொரு பாரிஷும் (ஒரு தேவாலயத்தின் பொறுப்பில் இருந்த வட்டாரம்) ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் எழுதி வைக்க உத்தரவிட்டார். எல்லாப் பாரிஷிலும் அவ்வளவு பழையது மிஞ்சவில்லை. 1640களிலிருந்து 1660 வரை உள்நாட்டுப் போரும் அதன் பின்விளைவும் பெரிய ஓட்டைகளை விட்டுவிட்டன. 1598 முதல் ஆண்டுதோறும் பிஷப்புக்கு ஒரு நகல் போனது. மூலம் கரையான் தின்றிருந்தால் நகலைக் கேளுங்கள். இரண்டும் பெரும்பாலும் அந்தந்த மாவட்ட ஆவணக் காப்பகத்தில் கிடைக்கும். ஃபேமிலிசர்ச், ஆன்செஸ்ட்ரி, ஃபைண்ட்மைபாஸ்ட் தளங்களில் படமாகவும் நிறைய இருக்கின்றன.

ஞானஸ்நான வரியில் தாயின் முதல் பெயர் மட்டும்தான் இருக்கும்: ‘ஜானுக்கும் மேரிக்கும் மகள்’. ஆக, மறுபடியும் திருமணத்தைத்தான் பிடிக்க வேண்டும். கல்யாணம் வழக்கமாகப் பெண் வீட்டுப் பாரிஷில் நடந்தது. பிள்ளைகள் ஞானஸ்நானம் பெற்ற ஊரில் கல்யாணம் இல்லையென்றால் சுற்றுவட்டாரப் பாரிஷ்களைத் துழாவுங்கள். திருமணங்களை ஒழுங்குபடுத்திய ஹார்ட்விக் சட்டம் 1754 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்த பிறகு திருமணப் பதிவில் இருவரும் கையெழுத்தோ கீறலோ போட வேண்டும், இரண்டு சாட்சிகள் வேண்டும், கன்னியா விதவையா என்றும் எழுதுவார்கள். விதவை என்று இருந்தால் முதல் கல்யாணத்தைத் தேடாமல் அப்பா பெயருக்குப் போக முடியாது.

தேதியில் ஒரு பொறி இருக்கிறது. 1752க்கு முன்பு புத்தாண்டு மார்ச் 25இல் தொடங்கியது. 1720 ஜூனில் கல்யாணம், 1720 பிப்ரவரியில் பிள்ளை என்று பதிவில் இருந்தால் தப்பு ஒன்றுமில்லை. அந்தப் பிப்ரவரி நம் கணக்கில் 1721.

ஒரே பாரிஷில் ஒரே பெயரில் மூன்று பெண் குழந்தைகள் கிடைத்தால் என்ன செய்வது? அடக்கப் பதிவைப் பாருங்கள். குழந்தையாகவே இறந்தவரை அடியுங்கள். வேறொருவரைக் கட்டிக்கொண்டு போனவரையும் அடியுங்கள். மிச்சம் ஒருவர் நின்றால்தான் அவர் உங்களுடையவர். பெயரும் வருஷமும் பொருந்துகிறது என்பதற்காக ஒட்டவைத்த உறவு எனக்கு உறவே அல்ல.

படி 6: அப்பா பெயர் காலியாக இருந்தால்

இங்கேதான் ஏழைப் பெண்களைப் பற்றிய மிக நீளமான காகிதங்கள் இருக்கின்றன. 1662இல் வந்த குடியிருப்புச் சட்டப்படி ஏழையைக் காப்பாற்றுவது அவருடைய சொந்தப் பாரிஷின் பொறுப்பு. அதனால் கர்ப்பமான கன்னிப்பெண் ஒருவர் கையேந்தினால், எந்தப் பாரிஷ் செலவு செய்வது என்று முடிவுகட்ட நீதிபதி முன் நிறுத்தி விசாரிப்பார்கள்: எங்கே பிறந்தாய், யார் வீட்டில் எத்தனை மாதம் வேலை பார்த்தாய், அப்பன் யார். எழுதப் படிக்கத் தெரியாத பெண்ணின் வாழ்க்கை வரலாறே அந்த வாக்குமூலத்தில் இருக்கும். அப்பனைப் பிடித்துப் பராமரிப்புக்குக் கையெழுத்து வாங்கிய பத்திரங்களும் மாவட்டக் காப்பகங்களில் கிடைக்கும்.

1834க்குப் பிறகு வொர்க்ஹவுஸ் பேரேடுகள். பாலி பிரிந்துபோன பின் கணவர் கொடுத்துவந்த வாரம் 5 ஷில்லிங் 1882இல் நின்றது. அதன் பிறகு அவர் வாழ்க்கையில் வொர்க்ஹவுஸ் மாற்றி வொர்க்ஹவுஸ்தான். ஒவ்வொரு முறை உள்ளே போகும்போதும் வரும்போதும் தேதி எழுதினார்கள்.

படி 7: உயில்

1883க்கு முன்பு மணமான பெண் கணவரின் சம்மதமில்லாமல் உயில் எழுத முடியாது. விதவைகளும் மணமாகாதவர்களும் எழுதினார்கள். மணமாகாத அத்தை எழுதிய உயில் கிடைத்தால் விடவே விடாதீர்கள். வெள்ளிக் கரண்டி இன்ன தங்கை மகளுக்கு, கறுப்புப் பட்டுப் பாவாடை இன்ன தங்கை மகளுக்கு என்று குடும்பம் முழுவதையும் வரிசையாக நிறுத்தியிருப்பார். அப்பாவின் உயிலும் அப்படித்தான், ‘இன்னாரின் மனைவியான என் மகள்’ என்று இரண்டு பெயர்களையும் ஒரே வாக்கியத்தில் கட்டிவிடும். 1858 ஜனவரி முதல் உயில்கள் அரசின் பொறுப்பில். அதற்கு முன் தேவாலய நீதிமன்றங்கள். அவற்றில் பெரியதான கேன்டர்பரி நீதிமன்றத்து உயில்கள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில்.

டிஎன்ஏ எங்கே உதவும்

தாயிடமிருந்து பிள்ளைகளுக்கு வரும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ மிக மெதுவாகத்தான் மாறும். 2012இல் லெஸ்டர் கார் நிறுத்துமிடத்தில் கிடைத்த எலும்புகள் மூன்றாம் ரிச்சர்ட் மன்னருடையவை என்று உறுதி செய்ய, அவருடைய அக்கா ஆனின் மகள்வழி வாரிசுகளைத் தேடிக் கண்டுபிடித்து ஒப்பிட்டார்கள். நமக்கும் அப்படித்தான்: இரண்டு பெண்கள் சகோதரிகளா என்ற சந்தேகத்தைச் சோதிக்க அது உதவும், பெயரைக் கொடுக்காது. நாலைந்து தலைமுறைக்குள் என்றால் அப்பாவழி, அம்மாவழி இரண்டிலும் வரும் டிஎன்ஏவைப் பார்க்கும் சாதாரண ஆட்டோசோமல் பரிசோதனை போதும். முடிவு வந்ததும் அடுத்தவர் போட்ட மரத்தை அப்படியே நகலெடுக்காமல், அதில் சான்றிதழ் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

தடயம் மெட்ராஸுக்கு வந்தால்

சிப்பாயின் மனைவி, கம்பெனிக் குமாஸ்தாவின் மகள் என்று இங்கே வந்து மறைந்த பெண்கள் நிறைய. மெட்ராஸ் மாகாணத்து ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் நகல்கள் லண்டனுக்குப் போயின. 1698 முதல் உள்ளவை பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் பிரிவில், என் 2 என்ற வரிசையில் இருக்கின்றன. பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்களுக்கான சங்கமான ஃபிபிஸ், பல பட்டியல்களை இலவசமாக இணையத்தில் போட்டிருக்கிறது.

இங்கேயும் விதவைப் பெயரில் கவனம் வேண்டும். ஜார்ஜ் கோட்டை செயின்ட் மேரீஸ் தேவாலயம் 1680 அக்டோபர் 28இல் அர்ப்பணிக்கப்பட்டது. அதன் பதிவேட்டின் முதல் திருமணம் ஒரு வாரம் கழித்து, நவம்பர் 4இல்: பின்னாளில் மெட்ராஸ் கவர்னரான எலிஹு யேலுக்கும் கேத்தரின் ஹின்மர்ஸுக்கும். ஹின்மர்ஸ் என்பது கேத்தரினின் அப்பா வீட்டுப் பெயர் அல்ல, சற்று முன் இறந்துபோன முதல் கணவருடையது. ஆங்கிலேயத் தகப்பனுக்கும் உள்ளூர்த் தாய்க்கும் பிறந்த பெண் என்றால், ஞானஸ்நானப் பதிவில் தாயின் பெயரை விட்டிருப்பார்கள். அப்போது தகப்பனின் உயிலைத் தேடுங்கள். பிள்ளைகளையும் அவர்களின் தாயையும் சில பேர் அதில்தான் பெயர் சொல்லி எழுதியிருக்கிறார்கள். மெட்ராஸ் உயில்களின் வரிசையும் அதே இந்தியா ஆபீஸ் பிரிவில் இருக்கிறது.